லைவ் ஏலத்தில் எடுத்த பழைய பட்டு: 'நோ ரிட்டர்ன்' என்றால் அவ்வளவுதானா?

3 ஆகஸ்ட் 2025 – ஒரு வாசகியின் கேள்வி

"ப்ரீ-லவ்டு புடவை விற்கும் ஒரு பக்கத்தில் லைவ் ஏலம் கேட்டு ஒரு காஞ்சிபுரம் எடுத்தேன். 4,600 ரூபாய். 'நல்ல கண்டிஷன், டேமேஜ் எதுவும் இல்லை' என்று விற்றவரே சொன்னார். வந்ததும் விரித்துப் பார்த்தால் முந்திக்குப் பக்கத்தில் மடிப்போடு ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு விட்டு, கிழிந்திருக்கிறது. திருப்பி அனுப்புகிறேன் என்றால், 'ஏலத்தில் எடுத்தது, அதுவும் பழசு, நோ ரிட்டர்ன் என்று ஆரம்பத்திலேயே சொன்னோமே' என்கிறார்கள். என் அண்ணனும் அவர்கள் பக்கம்தான். பழைய துணிக்கு, அதுவும் ஏலத்தில், சட்டம் கிட்டம் எதுவும் கிடையாதாம். அப்படியா?"

3 ஆகஸ்ட், இரவு

அப்படி இல்லை. அண்ணன் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

பழசு என்பதால் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது குறையும். கொஞ்சம் வெளுப்பு, ஃபால்ஸ் பிரித்த தடம், பெட்டியில் கிடந்த வாசனை, இதற்கெல்லாம் சண்டை போட முடியாது. ஏலம் என்பதால் மாறுவது விலை மட்டும்தான். கடைக்காரர் விலை சொல்வதற்குப் பதில் கேட்பவர்கள் போட்டி போட்டு ஏற்றுகிறார்கள். சொன்ன பொருளைத் தர வேண்டும் என்ற கடமை இந்த இரண்டாலும் போய்விடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15-ஆவது பிரிவு: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதே சட்டத்தின் 64-ஆவது பிரிவு ஏலத்துக்கென்றே எழுதப்பட்டது. ஏலத்துக்குச் சட்டம் கிடையாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே செல்லாது.

உங்கள் விஷயத்தில் எல்லாம் "டேமேஜ் எதுவும் இல்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தில் நிற்கிறது. அவர் வாயே திறக்காமல் "எப்படி இருக்கோ அப்படியே" என்று விற்றிருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். விற்றவர் இதைத் தொழிலாகச் செய்கிறாரா, வீட்டுப் புடவை ஒன்றிரண்டை விற்றவரா? லைவ் வீடியோ இன்னும் பக்கத்தில் இருக்கிறதா? பணம் எப்படிக் கட்டினீர்கள்?

அதுவரை புடவையைப் பாலிஷுக்குக் கொடுக்க வேண்டாம். ஃபால்ஸ் தைக்க வேண்டாம். பார்சல் கவரைத் தூக்கிப் போட வேண்டாம்.

4 ஆகஸ்ட், காலை

தொழிலாகச் செய்பவர், வாராவாரம் லைவ், பணம் ஜிபே. சரி.

வீடியோ இருக்கிறது என்கிறீர்கள். உடனே ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுங்கள். புகார் என்று ஒரு வார்த்தை போனால் வீடியோ காணாமல் போகும். முழு லைவும் தேவையில்லை. உங்கள் புடவையைக் காட்டிப் பேசும் பகுதி, "சோல்டு" என்று உங்கள் ஐடியைச் சொல்லும் இடம், பக்கத்தின் பெயர் தெரியும் காட்சி, இவை போதும். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்க்ரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். ஃபோனையும் மாற்றிவிடாதீர்கள்.

4 ஆகஸ்ட், மதியம்

"அன்பாக்சிங் வீடியோ எடுக்கவில்லை, கேஸ் போச்சு" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பயமுறுத்தாதீர்கள். அந்த வீடியோ இருந்தால் நல்லது, பேச்சு சீக்கிரம் முடியும். இல்லாததால் உரிமை போய்விடாது. விற்பவர் தானே எழுதி வைத்துக்கொண்ட விதி அது.

பட்டு விட்டுப்போவதைப் பார்த்தாலே பழசா புதுசா என்று ஓரளவு தெரியும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே நைந்து, நேர்கோடாக, பல இடத்தில் சின்னச் சின்னதாக விடும். ஆணியில் மாட்டிக் கிழித்தால் ஒரு இடத்தில் கோணலாக, இழை இழுபட்டுக் கிழியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அடுத்தடுத்த மடிப்பிலும் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கையில் வாங்கிய பிறகு நீங்கள் கிழித்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

5 ஆகஸ்ட்

"அக்கா, உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா?" என்று கேட்டவருக்கு: ஆகாமலா இங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னுடையது ஜரிகைத் தகராறு. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், லைவில் 6,200 வரை போய் எடுத்தேன். "ப்யூர் ஜரிகை" என்று விற்ற அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வந்த புடவையின் உடல் நல்ல பட்டு, குறை சொல்ல முடியாது. பார்டரைத் தொட்டதும் சந்தேகம். சௌகார்பேட்டைக்குக் கொண்டுபோனேன். மின்ட் தெருப் பக்கம் பழைய பட்டுப் புடவையை ஜரிகைக்காக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளியைப் பிரித்து எடுத்தால் காசு என்பதால் அவர்களுக்குக் கண் ஏமாறாது. ஓரத்தில் ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது டெஸ்டட், எங்களுக்கு வேண்டாம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். டெஸ்டட் என்றால் வெள்ளிக்குப் பதில் செம்பு போட்ட ஜரிகை. அதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்தார். டீ வேண்டுமா என்று கேட்டார்.

தெரியாதவர்களுக்கு: நல்ல ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகட்டிழை, அதன்மேல் தங்கப் பூச்சு. உள்ளே இருக்கும் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் சுரண்டினால் சிவப்பு தெரிய வேண்டும் என்று பாட்டிகள் சொல்வது. ஆனால் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது போலி செய்பவருக்கும் கஷ்டமில்லை. வெள்ளை நூல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள், சிவப்பு தெரிந்தால் மட்டும் நிம்மதியாகாதீர்கள். நகைக்கடைகளில் தங்கம் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்-ஆர்-எஃப் வகைக் கருவி நூலைப் பிய்க்காமலே எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும். சில்க் மார்க் சீட்டு இருக்கிறதே என்று விற்றவர் என்னிடம் வாதாடினார். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த அந்த முத்திரை, துணி சுத்தப் பட்டா என்பதைச் சொல்வது. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

என் கையில் எழுத்தாக எதுவும் இல்லை. அதனால் ஜரிகை போலி என்று நான் நிரூபிக்கக் கிளம்பவில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "ப்யூர் ஜரிகை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?" பதில் வந்தது: "எங்களுக்குக் கொடுத்தவங்க அப்படித்தான் சொன்னாங்க மேடம்." எனக்கு அது போதும். பரிசோதிக்காமல், பில் பார்க்காமல், யாரோ சொன்னதை உறுதி மாதிரி லைவில் சொல்லி விலையை ஏற்றியிருக்கிறார் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் "அடுத்த லைவில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கிரெடிட் தருவதாகச் சொன்னார். அவரிடமே இன்னொரு புடவை எடுக்கும் மனநிலையில் நான் இல்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை அவருக்கு அனுப்பியதும் குரல் மாறியது. 2,000 ரூபாய் திரும்பி வந்தது, புடவையை நான் வைத்துக்கொண்டேன்.

முழுப் பணம் ஏன் வாங்கவில்லை என்று கேட்காதீர்கள். மஞ்சள் நன்றாக இருந்தது.

5 ஆகஸ்ட், இரவு

சரக்கு விற்பனைச் சட்டமும் 1930. ஆன்லைன் பண மோசடிக்குக் கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண்ணும் 1930. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனால் நினைவில் வைக்க வசதி. புடவை வந்து, அது சொன்னபடி இல்லை என்றால் சட்டம் 1930. புடவையே வரவில்லை, ஐடியும் மாயம், ஃபோன் ஸ்விட்ச் ஆஃப் என்றால் எண் 1930. இரண்டாவதில் தாமதிக்கவே கூடாது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கச் சொல்ல வேண்டும்.

புடவை மோசம் என்பதற்கு வங்கியில் போய் நிற்காதீர்கள். யுபிஐயில் நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு "நீங்கதானே அனுப்பினீங்க" என்று முடித்துவிடுவார்கள்.

9 ஆகஸ்ட்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு மாமி கேட்டிருக்கிறார்: "நானே என் அம்மாவின் மடிசார் புடவைகள் நாலைந்தை குரூப்பில் ஏலம் விட்டேன். ஒருத்தி சண்டைக்கு வருகிறாள். என்னையும் நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா?"

மாமி, நீங்கள் வேறு, வாராவாரம் லைவ் போடுபவர் வேறு. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், தொழிலாக, தொடர்ச்சியாகச் செய்யாமல் தனிப்பட்ட முறையில் ஒருவர் விற்பதற்குப் பொருந்தாது என்று அவற்றிலேயே இருக்கிறது. அம்மா பீரோவைக் காலி செய்வது வணிகம் ஆகாது. ஆனால் சரக்கு விற்பனைச் சட்டம் உங்களையும் விடாது. "ஒன்பது கெஜம்" என்று சொல்லி எட்டு கெஜம் அனுப்பியிருந்தால், வாங்கியவர் கேட்பது நியாயம்தான். அளந்து பார்த்தீர்களா?

தொழிலாக விற்பவருக்கு அந்த விதிகளின்படி தப்ப வழி குறைவு. தளத்தில் விற்பவர், பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. பில்லில் கால அளவு போடவில்லை என்றால் முப்பது நாள். ஆக "நோ ரிட்டர்ன்" என்ற வாசகம், "மனசு மாறிடுச்சு, கலர் பிடிக்கலை" என்பவர்களைத் தடுக்கும். பொய் விவரத்துக்குக் குடை பிடிக்காது.

இன்னொன்று. வாங்கி மறுபடி விற்பவர் நுகர்வோர் கணக்கில் வர மாட்டார். லைவில் மொத்தமாக எடுத்துத் தன் பக்கத்தில் விற்கும் தோழிகள் இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு 1915-ஐ அழைக்க வேண்டாம்.

9 ஆகஸ்ட், சற்று பிறகு

மாமி அளந்துவிட்டார். ஒன்பது கெஜம் சரியாக இருக்கிறதாம். வாங்கியவர் சண்டைக்கு வந்தது நிறத்துக்கு. "ராமர் பச்சை என்றீர்கள், எனக்குக் கிளிப்பச்சை மாதிரி தெரிகிறது." மாமி, தூங்குங்கள்.

10 ஆகஸ்ட்

ஐடி கம்பெனித் தம்பி ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார்: டேமேஜ் தெரிந்திருந்தால் யாரும் பேஸ் ப்ரைஸுக்கு, அதாவது ஏலம் ஆரம்பிக்கும் விலைக்கு, மேல் ஏறியிருக்க மாட்டார்கள். ஆகவே பேஸ் ப்ரைஸ் போக மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும். 4,600-இல் 999 போக 3,601.

கேட்க அழகாக இருக்கிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

16 ஆகஸ்ட்

தம்பியின் கணக்குக்கு முன்னால் இன்னொரு பேச்சு கிளம்பிவிட்டது. "விற்பவரின் நாத்தனாரே வேறு ஐடியில் கேட்டு விலையை ஏற்றுகிறார்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கும் 64-ஆவது பிரிவுதான். விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டியே அறிவிக்காமல் தானோ தன் ஆளை வைத்தோ கேட்கக் கூடாது. விலை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்டிருந்தால், அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. துணியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் சரி.

நிரூபிப்பதுதான் பாடு. நான் பார்ப்பது இது: ஒரு ஐடி எப்போதும் கேட்கிறது, ஜெயிப்பதே இல்லை. தப்பித்தவறி ஜெயித்துவிட்டால் அந்தப் புடவை அடுத்த லைவில் "பேமென்ட் வரலை, மறுபடி எடுக்கிறோம்" என்று வந்து நிற்கிறது. ஒரு தரம் நடந்தால் சகஜம். அதே ஐடிக்கு வாடிக்கையாக நடந்தால் படம் எடுத்து வையுங்கள். ஆனால் நாத்தனார் என்று லைவ் கமென்டில் போய் எழுதாதீர்கள். சந்தேகத்தை எழுதி அவதூறு வழக்கு வாங்குவதில் அர்த்தமில்லை.

இதே பிரிவில் வாங்குபவருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சுத்தியல் விழும் வரை, நம் ஊர் லைவில் "சோல்டு" சொல்லும் வரை, கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம். "பிட் போட்டா கேன்சல் கிடையாது, பிளாக் பண்ணிடுவோம்" என்பார்கள். பிளாக் செய்யட்டும். பணம் கேட்க முடியாது. சோல்டு சொன்ன பிறகு ஓடினால் தப்பு உங்கள்மேல்.

17 ஆகஸ்ட்

நெட் தாமதம் பற்றிய கேள்வி: "என் ஃபோனில் என் 3,200 முதலில் தெரிகிறது, அவர் திரையில் இன்னொருத்தி முதலில்." விற்பவரின் திரையே கணக்கு என்று எல்லா லைவிலும் வைத்துக்கொள்கிறார்கள், வேறு வழியும் இல்லை. நூறு ரூபாய் கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். அல்லது விடுங்கள், காஞ்சிபுரத்தில் தறி நின்றுவிடவில்லை.

24 ஆகஸ்ட்

விற்பவர் தரப்பை யாருமே பேசவில்லை என்று மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. அவரிடம் எடுத்த பட்டை ஒரு பெண் வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு, மறுநாள் "டேமேஜ்" என்று திருப்பி அனுப்பினாராம். முந்தியில் சந்தனம், கொசுவத்தில் குங்குமம். இன்னொருத்தி இவருடைய புடவையை வைத்துக்கொண்டு அதே நிறத்தில் வேறொரு மட்டமான புடவையை அனுப்பியிருக்கிறார்.

அவர் இப்போது செய்வது எனக்குப் பிடித்திருந்தது, மற்ற விற்பனையாளர்களும் செய்யலாம். முந்தியில் அறுத்தால் மட்டுமே கழற்ற முடிகிற பிளாஸ்டிக் டேக் ஒன்று. அது இருக்கும் வரை புடவையை விரித்துப் பார்க்கலாம், கட்ட முடியாது. டேக் அறுந்தால் ரிட்டர்ன் இல்லை. இது நேர்மையான நிபந்தனை, ஏனென்றால் பரிசோதிக்கும் வாய்ப்பைப் பறிக்கவில்லை. வாங்கியவர் பார்த்துச் சரிபார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்பதும் அந்தப் பழைய சட்டத்திலேயே, 41-ஆவது பிரிவில் இருக்கிறது.

அப்புறம் எடை. அனுப்பும்போது கிராம் கணக்கில் எடை போட்டுப் படம் எடுக்கிறார். பட்டில் ஜரிகை கனமானால் எடை கூடும், மாற்றி அனுப்பினால் கூரியர் சீட்டின் எடையே காட்டிக்கொடுக்கும். முதல் நாள் அந்த வாசகியிடம் கவரைத் தூக்கிப் போடாதீர்கள் என்றது இதற்காகத்தான். மாற்றிவிட்டீர்கள் என்று நாளை வாசகிமேல் பழி வந்தாலும் அந்தச் சீட்டுதான் காப்பாற்றும்.

மடிப்பாக்கம் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: "மைனர் டேமேஜ்" என்று சொல்லாதீர்கள். எத்தனை இன்ச், முந்தியிலா, உள்மடிப்பிலா, கட்டினால் தெரியுமா என்று சொல்லுங்கள்.

25 ஆகஸ்ட்

டேமேஜைச் சொன்னால் விலை போகாது என்று மடிப்பாக்கம் அம்மா பதில் எழுதியிருக்கிறார். போகும். 1995-இல் ஈபே தொடங்கியபோது அதில் முதலில் ஏலம் போனது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது தெரியும்தானே என்று நிறுவனர் பியர் ஒமிட்யார் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். கிழிந்த பட்டுக்கும் ஆள் உண்டு. பாவாடை தைப்பவர்கள், ஜரிகை பார்டரை வெட்டி வேறு துணியில் வைத்துத் தைப்பவர்கள், குஷன் உறை போடுபவர்கள். என் சித்தி ஒரு கிழிந்த பட்டில் மூன்று பேத்திகளுக்குப் பட்டுப்பாவாடை தைத்தாள். மிச்சத்தில் கொலு படிக்கு விரிப்பு.

7 செப்டம்பர்

தம்பியின் 3,601-க்கு வருகிறேன்.

ஒத்துவராது. லைவில் பேஸ் ப்ரைஸ் என்பது கூட்டம் சேர்க்க வைக்கும் விலை. 99 ரூபாய்க்குக்கூட ஆரம்பிக்கிறார்கள். அதற்கும் புடவையின் மதிப்புக்கும் சம்பந்தம் கிடையாது. கடைசியாக விட்டுக்கொடுத்தவர் நிறுத்திய விலையை எடுத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் சரிவராது, அவரும் இதே "டேமேஜ் இல்லை"யை நம்பித்தானே கேட்டார்.

எனக்குத் தோன்றும் வழி: அதே விற்பவர் டேமேஜ் சொல்லி விற்கும் புடவைகள் எந்த விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். பல பக்கங்களில் மாதம் ஒருமுறை "டேமேஜ் சேல்" நடக்கிறது. அவருடைய சொந்த லைவ், அவருடைய சொந்த வாடிக்கையாளர்கள் கொடுத்த விலை. உங்கள் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் அவரால் மறுத்துப் பேச முடியாது. புடவை கட்டுகிற நிலையில் இருந்து நீங்கள் வைத்துக்கொள்ள நினைத்தால் மட்டும் இந்தக் கணக்கு. கட்ட முடியாத இடத்தில் கிழிந்திருந்தால் பேரம் எதற்கு, முழுப் பணமும் திரும்ப அனுப்பும் கூரியர் செலவும் கேளுங்கள்.

இழை ஓட்டித் தரும் டார்னிங்காரரிடம் செலவு கேட்டு வைத்துக்கொள்வதும் உதவும். ஆனால் மடிப்பில் நைந்து விட்ட பட்டில் இழை ஓட்டினால் பக்கத்து இழை பிடிக்காது, அடுத்த கல்யாணத்தில் அங்கேயே விடும். நல்ல டார்னிங்காரர் வேலையை எடுக்கவே மாட்டார். அவர் வேண்டாம் என்பதே உங்களுக்கு ஒரு சாட்சி.

20 செப்டம்பர்

நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகள், அங்கே ஈபேயில் பழைய காஷ்மீர் சால்வை எடுத்து இதே மாதிரி ஓட்டையோடு வந்ததாம். அவளுக்கு வேலை சுலபமாக முடிந்தது. விவரித்தபடி இல்லை என்று கைக்குக் கிடைத்த முப்பது நாளுக்குள் தளத்திலேயே கோரிக்கை போட வேண்டும். விற்றவருக்கு மூன்று வேலை நாள். அதற்குள் தீராவிட்டால் ஈபேயே இறங்கித் தீர்ப்பு சொல்லும். விற்றவர் "நோ ரிட்டர்ன்ஸ்" போட்டிருந்தாலும் இந்த உத்தரவாதம் நிற்கும். பணம் தளம் வழியாகப் போவதால் அவர்கள் பிடித்துக்கொள்ள முடிகிறது.

நம்மிடம் ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. இப்போதைய லைவ்களில் பணம் விற்பவரின் க்யூஆர் கோடுக்கு நேராகப் போகிறது. நடுவில் பிடித்துவைக்க யாரும் இல்லை. சண்டை இவ்வளவு நீளுவதற்கு ஏலத்தையோ பழைய துணியையோ குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, காரணம் இதுதான். பெரிய தொகை என்றால் பாதி முன்பணம், பாதி புடவை பார்த்த பிறகு என்று கேட்டுப் பாருங்கள். சென்னைக்குள்ளேயே விற்பவர் என்றால் தி. நகரிலோ மயிலாப்பூரிலோ நேரில் பார்த்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். நான் கேட்டவர்களில் பாதிப் பேர் சம்மதித்தார்கள். சம்மதிக்காதவர்களிடம் ஏன் என்று கேட்கவில்லை.

அத்தை மகளிடம் எனக்கும் ஒரு சால்வை ஏலத்தில் எடுத்து அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். பயன்படுத்திய துணியை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது. கஸ்டம்ஸில் நின்றால் சால்வையும் போகும், உறவும் போகும்.

2 அக்டோபர்

முதல் வாசகி மறுபடி எழுதியிருக்கிறார். விற்பவர் முதலில் 500 தருவதாகச் சொன்னார், பிறகு பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம். எங்கே, எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன், வக்கீல் வைக்க வேண்டிய அளவு பெரிய விஷயம் இல்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விற்பவர் சூரத்தில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இது 2019 சட்டத்தில் வந்த பெரிய மாற்றம், முன்பு எதிர்த்தரப்பின் ஊரையோ விவகாரம் நடந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம், 2025 தொடக்கத்திலிருந்து அதுதான். பழைய பதிவுகளில் 'இ-தாக்கில்' என்ற முந்தைய தளத்தின் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அதற்கு முன் ஒரு நோட்டீஸ். ரிஜிஸ்டர்டு தபால் இப்போது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்டில், கையெழுத்து வாங்கித் தரும்படி அனுப்புங்கள். பார்சல் கவரில் அனுப்பியவர் முகவரி இருக்குமே, அதற்கு. ஒரு பக்கம் போதும். என்ன தேதி, என்ன சொன்னீர்கள், என்ன வந்தது, எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாளில். "மன உளைச்சல்" பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அதைச் சுருக்குங்கள். கிழிசலைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதை நீட்டுங்கள்.

உங்கள் வரைவில் ஜரிகை பற்றியும் சந்தேகம் எழுப்பியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். பரிசோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால் ஆணையம் மாதிரியை முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அறிக்கைக்கு 45 நாள். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், தேவைப்பட்டால் ஐந்து. நடைமுறையில் இதைவிட நீளும். கிழிசலைக் கண்ணால் பார்க்கலாம், வீடியோவில் "டேமேஜ் இல்லை" என்பதைக் காதால் கேட்கலாம். 4,600 ரூபாய்க்கு அதுவே போதும். ஜரிகையையும் சேர்த்தால் வலுவான புகாரோடு வலுவில்லாத ஒன்றைக் கட்டி இழுக்கிறீர்கள்.

என் ஜரிகைக் கதையை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். எனக்கு அதைத் தவிர வேறு குறை கிடைக்கவில்லை.

3 அக்டோபர்

"காஞ்சிபுரம் என்றார்கள், ஆரணி மாதிரி தெரிகிறது, இதுவும் விவரப் பிழையா?" ஆமாம். இரண்டுக்கும் தனித்தனிப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் "மாதிரி தெரிகிறது" என்று எழுதிப் போடாதீர்கள். நெசவு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பழைய புடவையில் கோர்வையும் (உடலோடு பார்டரைக் கோர்க்கும் நெசவு) பெட்னியும் (உடலோடு முந்தியை இணைக்கும் இடம்) பார்த்தே சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்து வாசகியிடமிருந்து செய்தி. நோட்டீஸ் போன மறு வாரம் விற்பவரின் கணவர் ஃபோன் செய்தாராம், "வீட்டுக்கே தபால் வந்துடுச்சும்மா" என்று. புடவையைத் திரும்ப எடுத்துக்கொண்டு 4,600-ஐயும் கொடுத்துவிட்டார்கள். கூரியர் செலவு 180 தரவில்லை. விட்டுவிடலாமா என்று கேட்கிறார். விட்டுவிடுங்கள். முழுத் தொகையும் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் நிம்மதி.

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். "180-ஐ விடாதே" என்றாராம்.

27 அக்டோபர்

கடைசியாக வந்த கேள்வி: புடவை எல்லாம் சரி, அந்துருண்டை நாற்றம் தாங்கவில்லை, பணம் திரும்பக் கேட்கலாமா?

"வாசனை இல்லை" என்று யாராவது லைவில் சொன்னார்களா? இல்லையென்றால் கேட்க முடியாது. நிழலில், காற்றோட்டமாக, பழைய பருத்தித் துணி விரித்து அதன்மேல் சில நாள் போடுங்கள். வெயில் வேண்டாம். சென்ட் அடிக்காதீர்கள், ஜரிகை கருக்கும், அப்புறம் அதற்கு யாரையும் கேட்க முடியாது.